பெரிசை விட்டுடுங்க சாமி!

கடலில் எதைப் பிடித்தாலும் உலகம் பூராவும் ஒரே நியாயம்தான் சொல்லுவாங்க. "சின்னதை விட்டுடு, பெரிசை எடுத்துக்கோ." கேட்க எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க. குஞ்சு பொழைச்சுப் போகட்டும், பெரிசு வாழ்ந்து முடிச்சாச்சு, அதனால பாவமில்லை. சட்டம் போடுறவங்களும் அநேகமா இதையேதான் எழுதி வைக்கிறாங்க. ஹவாயில் ஓபிஹி என்று ஒரு கடல் நத்தையை உயிரைக் கொடுத்துப் பறித்துச் சாப்பிடுவார்கள் (உயிரைக் கொடுத்து என்று சும்மா சொல்லவில்லை, பாறையிலிருந்து அலை இழுத்துக்கொண்டு போய்ச் செத்தவர்கள் உண்டு). அங்கே ஓடு ஒண்ணேகால் அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் எடுக்கக் கூடாது. அதுக்கு மேலே இருந்தால் எடுக்கலாம். எல்லா ஊரிலும் அளவுகோலின் கீழ்ப்பக்கத்தில்தான் காவல், மேல்பக்கம் திறந்த வீடு.

எனக்கு இந்த நியாயத்தின் மேல் ரொம்ப நாளாக ஒரு கடுப்பு. எல்லா உயிருக்கும் இது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் சில உயிர்களுக்கு இது விதைநெல்லாகத் தேடிப் பொறுக்கி உலையில் போடச் சொல்கிற விதி. அதுக்கு என்கிட்ட இருக்கிற சாட்சி ஒரு நத்தை. பெயர் ஆந்தை லிம்பெட். விஞ்ஞானப் பெயர் லாட்டியா ஜைஜான்டியா. ஊர், கலிபோர்னியாவும் அதுக்குத் தெற்கே மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவும்.

லிம்பெட் என்றால் சுருள் சுருளான நத்தை ஓட்டை நினைச்சுக்காதீங்க. சீனத்து வயற்காட்டுத் தொப்பியைச் சின்னதாகச் செய்து பாறையில் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அடியில் ஒரே ஒரு பாதம், முழுக்கச் சதை. அசந்திருக்கும்போது பட்டென்று தட்டினால் கழண்டு வந்துடும். ஆனால் ஒரு தடவை தொட்டு அது உஷாராகிவிட்டதோ, அவ்வளவுதான். உடும்புப்பிடி! ஓட்டை உடைக்கலாமே தவிர, வெறுங்கையால் எடுக்க முடியாது. அலை பேயறை அறைகிற பாறையில் குடியிருப்பவனுக்கு இந்தப் பிடிகூட இல்லாவிட்டால் எப்படி?

குடியிருக்கும் இடமும் சாதாரணம் இல்லை. கடல் ஏறும்போது முங்கி, இறங்கும்போது வெயிலில் காய்கிற நடுப்பாறை, அதற்கும் கொஞ்சம் மேலே. அதிலும் அலை நேராக வந்து மோதுகிற பக்கமாகப் பார்த்துத்தான் இவங்க பட்டா வாங்குவாங்க. பட்டா என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நிலம்தான். வளர்ந்த ஆந்தை லிம்பெட் ஒவ்வொன்றுக்கும் பாறையில் சொந்தமாக ஒரு வயல் உண்டு. சராசரியாக 1000 சதுர செ.மீ., அதாவது நம்ம கணக்கில் ஒரு சதுர அடியும் கொஞ்சமும். அந்த வயலில் மெல்லிய பச்சைப் படலமாகப் பாசி வளரும். வேறெதுவும் அங்கே வளரக் கூடாது. மட்டி வந்து ஒட்டினால் ஓட்டின் முன் விளிம்பால் புல்டோசர் மாதிரி முட்டித் தள்ளும். கடல் அனிமோன், கொட்டலசு, பக்கத்துத் தெரு சின்ன லிம்பெட், யாராக இருந்தாலும் அதே மரியாதை. ஆளைத் தள்ளிவிட்டு வரப்பு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து தன் பழைய இடத்தில் உட்காரும். அந்த இடத்தில் பாறையில் அதன் ஓட்டு விளிம்புக்கு அளவெடுத்த மாதிரி ஒரு தழும்பு விழுந்திருக்கும்.

இதையெல்லாம் ஜான் ஸ்டிம்சன் என்பவர் 1970-லேயே எழுதிவிட்டார். அவர் செய்த சோதனை எளிமையானது. நிலத்துக்காரனை எடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார். வெளியே காத்துக்கொண்டிருந்த சின்ன லிம்பெட் கூட்டம் உள்ளே புகுந்தது. வேலி இல்லாத கொல்லையில் ஆடு புகுந்த கதைதான். கொஞ்ச நாளில் பாசிப் படலம் காலி. பெரிசு அதையே அளவாக மேய்ந்து, ஒரு பகுதியைத் தின்றுவிட்டு மறு பகுதி வளர விட்டு, வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தது.

அதைவிட ஆச்சரியம் இன்னொன்று. 1984-ல் கானர், க்வின் என்று இரண்டு பேர், லிம்பெட் ஊர்ந்துபோகும்போது விட்டுப்போகிற கோழையைச் சோதித்தார்கள். வீடு திரும்பும் பழக்கமுள்ள வகைகளின் கோழையில் பாசி கூடுதலாக வளர்கிறது. ஆந்தை லிம்பெட்டும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. சொந்த நிலம் இல்லாமல் சுற்றித் திரிகிற வகை ஒன்றையும் சோதித்தார்கள். அதன் கோழையில் அப்படி வளரவில்லை. புரியுதா? திரும்பி வந்து சாப்பிடப் போகிறவன்தான் உரம் போடுறான், நாடோடி போடுறதில்லை. மூளை என்று சொல்லிக்கொள்ள நாலு நரம்பு முடிச்சு வைத்திருக்கிற ஒரு ஜீவன், நடந்துகொண்டே எரு அடிக்குது மக்களே.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த நிலத்துக்காரர் யார்?

அம்மா.

லிம்பெட் ஆணாகத்தான் முதலில் பருவத்துக்கு வரும். சின்னதாக இருக்கும் வரைக்கும் ஆண். வளர்ந்து, நிலம் பிடித்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும். ஆகவே ஒரு பாறையில் பெரிய ஓடாக உட்கார்ந்திருப்பது எல்லாம் அநேகமாகப் பெண்கள். சுற்றிலும் இடுக்குகளில் ஒண்டிக் கிடக்கிற பொடிசுகள்தான் ஆண்கள். (நீமோ படம் பார்த்திருப்பீங்களே, அந்தக் கோமாளி மீனும் இதே ஜாதிதான். அம்மா மீன் செத்ததும் அப்பா மீன் பெண்ணாக மாறியிருக்கணும். டிஸ்னிக்காரன் அதை மட்டும் நைசா விட்டுட்டான் :-))

இப்போ அந்த நியாயத்தை மறுபடி படிங்க. "சின்னதை விட்டுடு, பெரிசை எடுத்துக்கோ." அதாவது ஆண்களை விட்டுவிட்டு, இருக்கிற அம்மாக்களை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கோ. பாறையைக் கவனிச்சுக்கிற விவசாயியையும் எடுத்துக்கோ. இதில் கருணை எங்கே இருக்கு?

கலிபோர்னியாவில் பாறைக்கு வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரோ ஒரு ஆள் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பி, ஒரு வேளைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு போவார். அவரும் மனசாட்சிக்குப் பயந்து பொடிசை விட்டுவிட்டுப் பெரிசாகப் பார்த்துத்தான் எடுப்பார். 8, 9 செ.மீ. இருக்கிற ஓட்டில்தானே சதை இருக்கும்? நல்லவனுடைய மனசாட்சியே இங்கே தப்பாக வேலை செய்கிறது. அதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது.

இந்த இடத்தில் ஒருத்தர் கையைத் தூக்குவார். எனக்குத் தெரியும். "ஏங்க, பெரிசு போனா அடுத்த ஆண் பெண்ணா மாறிடுமே. இயற்கை பாத்துக்காதா?"

பாத்துக்கத்தான் செய்யுது. ஆந்தை லிம்பெட் எந்த அளவில் மாறும் என்பது கல்லில் எழுதிய விதி இல்லை. சுற்றி எத்தனை பேர், நிலம் கிடைக்குதா என்பதைப் பொறுத்து அது முன்னே பின்னே ஆகும். ஆட்கள் அதிகமாகப் பறிக்கிற கரைகளில் இது சின்ன அளவிலேயே பெண்ணாக மாறுகிறது என்று ஃபென்பர்க், ராய் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் காட்டினார்கள். ஆக, பெண்களே இல்லாமல் போய்விடாது. ஆனால் எப்படிப்பட்ட பெண்கள்? முட்டையின் எண்ணிக்கை ஏறக்குறைய உடம்பின் கனஅளவோடு போகும். ஓடு 4 செ.மீ. இருக்கிறவளையும் 8 செ.மீ. இருக்கிறவளையும் எடுத்துக்கோங்க. நீளம் ரெண்டு மடங்கு, கனஅளவு ரெண்டு பெருக்கல் ரெண்டு பெருக்கல் ரெண்டு, எட்டு மடங்கு. ஒரு பெரியம்மா இடத்தை நிரப்ப எட்டு சின்னம்மா வேண்டும். (அரசியல் இல்லை, கணக்குதான்!) அந்தப் பெரியம்மா வளர்ந்துவர எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். நெம்பி எடுக்க ரெண்டு செகண்டு.

இன்னொன்றும் இருக்கு. இவங்களுக்குக் கூடல் என்று ஒன்று கிடையாது. பெண் முட்டையைக் கடலில் விடும், ஆண் விந்தைக் கடலில் விடும், இரண்டும் தண்ணீரில் சந்தித்தால்தான் பிள்ளை. பக்கத்து பக்கத்துல ஆள் இருந்தாத்தான் இது நடக்கும். ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அதே கலிபோர்னியாவின் அபலோனியைப் பார்த்தால் போதும். அதற்கும் குறைந்தபட்ச அளவு விதி இருந்தது. அளவெடுத்து அளவெடுத்தே பிடித்தார்கள். 1997-ல் தென் கலிபோர்னியாவில் அபலோனி பிடிப்பதையே மூட வேண்டி வந்தது. வெள்ளை அபலோனி 2001-ல் அமெரிக்க அரசின் அழியும் உயிரினப் பட்டியலில் ஏறியது. மிச்சம் இருந்தவை ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இருந்தன, முட்டையும் விந்தும் சந்திக்க வழியில்லை.

ஆந்தை லிம்பெட் அந்த நிலைக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பாறைக்குப் போனால் இன்றைக்கும் பார்க்கலாம். ஆனால் சிறுத்துக்கொண்டு வருகிறது. சான் மிகுவேல் தீவில் பழங்குடிகள் தின்றுபோட்ட ஓட்டுக் குவியல்களை அகழ்ந்து அளந்திருக்கிறார்கள். 10,000 வருஷமாக மனிதன் இதைத் தின்கிறான். மக்கள்தொகை கூடக் கூட ஓடு சிறுத்திருக்கிறது. அப்புறம் 2003-ல் கௌஸ்தவ் ராய் (மேலே சொன்ன அதே ராய்தான்) குழுவினர், அருங்காட்சியகங்களில் இருந்த பழைய ஓடுகளைத் தென் கலிபோர்னியாவின் இன்றைய பாறை நத்தைகளோடு ஒப்பிட்டார்கள். ஒரு நூற்றாண்டில் பல வகைகள் தெளிவாகச் சிறுத்துப்போயிருந்தன. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, மனுஷன் தின்னாத வகைகளும் சிறுத்திருந்தன என்பது. கடற்கரையில் நத்தை பொறுக்கித் தின்கிற ஏழை பாழையை மட்டும், அதுவும் வேற்று நாட்டிலிருந்து குடியேறியவனை மட்டும், காட்டிக் கொடுத்துப் பேசுகிற பெரிய மனுஷங்க இந்த வரியைக் கொஞ்சம் நின்று படிக்கணும். ஷூ போட்டு மிதித்துப் போகிறவர்கள், அலங்காரத்துக்கு ஓடு எடுக்கிறவர்கள், பிள்ளை கேட்டதே என்று வாளியில் போட்டுப்போகிற அப்பாக்கள், எல்லாருக்கும் பங்கு உண்டு.

அந்த ஆராய்ச்சியில் ஒரே ஒரு இடம் மட்டும் தப்பித்திருந்தது. சான் டியாகோவின் பாயின்ட் லோமா முனையில் இருக்கிற கப்ரியோ தேசிய நினைவகம். அங்கே மட்டும் ஓடுகளின் அளவு பழைய காலத்து ஓடுகளைப் போலவே இருந்தது. காரணம் கடலும் இல்லை, பாறையும் இல்லை. சட்டத்தைக் கறாராக நடத்துகிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். தேசியப் பூங்காத் துறையின் காவலர்கள் உண்டு, கூடவே தன்னார்வலர்கள். 1996-ல் பாறைக்கரையின் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு மூடியே விட்டார்கள். நான் ஒரு ஜனவரி மாதம் போயிருந்தேன். ஒரு வயசான அம்மா, தன்னார்வலர், பாறையைக் காட்டி ஒவ்வொருத்தரிடமும் "வழுவழுன்னு இருக்கிற இடத்துல கால் வைக்காதீங்க, அது அவங்க தோட்டம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நின்ற முக்கால் மணி நேரத்தில் முப்பது பேருக்காவது சொல்லியிருப்பார். குரலில் சலிப்பே இல்லை. எத்தனை லட்சம் செலவழித்து எத்தனை பலகை வைத்தாலும் அந்த அம்மாவுக்கு ஈடாகாது.

கலிபோர்னியாவில் கடல் பாதுகாப்புக்கு 1999-ல் தனிச் சட்டம் போட்டார்கள். அதன்படி தென் கலிபோர்னியாவின் காப்புப் பகுதிகள் 2012 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தன. நல்ல விஷயம், மனசார வரவேற்கிறேன். ஆனால் வரைபடத்தில் கோடு போட்டால் லிம்பெட்டுக்கு என்ன தெரியும், ஸ்க்ரூடிரைவருக்குத்தான் என்ன தெரியும்? ஆள் நிற்காத காப்புப் பகுதி வேலியில்லாத தோட்டம்தான்.

சரி, என்னதான் பண்ணச் சொல்றே என்றால், என் கட்சி இது. அளவு விதி போடுவதாக இருந்தால் மேல்பக்கமும் ஒரு கோடு போடுங்க. இதுக்கு மேல் பெரிசாக இருந்தால் தொடக் கூடாது என்று. விசித்திரமான யோசனை ஒன்றும் இல்லை. நம்ம கொடுவா மீனுக்கே உலகத்தில் ஒரு இடத்தில் இது நடக்குது. கொடுவாவும் ஆணாக வளர்ந்து பிற்பாடு பெண்ணாக மாறுகிற மீன்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கொடுவாவுக்கு (அங்கே அதன் பெயர் பாரமுண்டி) 58 செ.மீ. கீழ் எல்லை, 120 செ.மீ. மேல் எல்லை. அணைகளில் கொண்டுவந்து விட்ட மீனுக்கு மட்டும் விலக்கு. மற்றபடி 120-க்கு மேலே போனவள் பெரியம்மா, கும்பிட்டு விட்டுடணும். தூண்டில் போடுகிறவர்கள் ஒன்றும் இதனால் பட்டினி கிடக்கவில்லை.

லிம்பெட்டுக்கு இது இன்னும் எளிது. மீனைப் பிடித்து மேலே கொண்டுவந்த பிறகுதான் அளக்க முடியும். அதற்குள் அதுக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கும். லிம்பெட் பாறையில் உட்கார்ந்துகொண்டு அளந்துக்கோ என்று காத்திருக்கிறது. தொடாமலே அளக்கலாம்.

"அப்போ சின்னதைப் பறிக்கச் சொல்றியா, அது பாவமில்லையா" என்று கேட்டால், நடுவாந்தரத்தில் கொஞ்சம் பறிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பத்து நடுத்தரம் போனால் அடுத்த பத்து அந்த இடத்துக்கு வரும். ஒரு பெரியம்மா போனால் அவள் வயலும் போகிறது, அதில் உரம் போட்டு வளர்ந்த பாசியும் போகிறது. நத்தையே தின்னாதே என்று யாருக்கும் போதிக்கிற தகுதி எனக்குக் கிடையாது. நண்டு வறுவலைப் பார்த்தால் நான் மனுஷனே இல்லை. தின்பதைப் பற்றி இல்லை என் சண்டை, எதைத் தேர்ந்தெடுத்துத் தின்கிறோம் என்பதைப் பற்றி.

பாறையின் பழைய வாடிக்கையாளர் ஒருத்தரும் இருக்கார், கறுப்பு ஆய்ஸ்டர் கேட்சர் பறவை. சிவப்பு மூக்கு, கறுப்பு உடம்பு. லிம்பெட் உஷாராவதற்குள் சடக்கென்று ஒரே குத்து, ஓடு புரண்டு விழும். அவரும் லிம்பெட்டை ஒழித்துவிடவில்லை, லிம்பெட்டும் அவரைப் பட்டினி போடவில்லை. நாம் கூட்டமாகப் போய் நின்றால் அந்தப் பறவை பக்கத்தில் வராது. நமக்குப் போட்டி ஒழிந்தது என்று சந்தோஷப்பட வேண்டாம், பாறையின் கணக்கு அங்கேயும் ஒரு பக்கம் சாயுது.

2013-ல் இந்த ஆந்தை லிம்பெட்டின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். எழுத்து எழுத்தாக வாசித்தாச்சு. அவ்வளவு பெரிய ஆள் இவங்க! அதே நத்தை, காவல் இல்லாத பாறையில் ஒரு ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கு.

பி.கு: ஏன் ஆந்தை என்று பெயர்? ஓட்டைப் புரட்டி உள்பக்கம் பார்த்தால், தசை ஒட்டியிருந்த இடத்தின் தடம் ஒரு ஆந்தை உட்கார்ந்திருப்பது போல் தெரியும். வெறும் ஓட்டில்தான் தெரியும். கப்ரியோ பக்கம் போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போங்க, அப்போதான் பகல் நேரத்தில் தண்ணீர் நன்றாக வடியும். ஆந்தையைப் பார்க்கணும் என்று வெறும் ஓட்டைக்கூட எடுத்து வந்துடாதீங்க, தேசியப் பூங்காவில் அதுவும் குற்றம்தான்.